புதுக் கணினியில் விளையாடியவை: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், பின்னேரங்களில் விளையாடுகிறேன். அண்மையில் ஒரு புதுக் கணினி பொருத்தியதில் இருந்து படிக்க வருகிற பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிற கூட்டாளிகள் என்று எல்லாரும் ஏதாவது கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரு விளையாட்டை நான் அளக்கிறது, அது என்ன காட்டுகிறது என்பதை வைத்து அல்ல, என்னை என்ன செய்ய வைக்கிறது என்பதை வைத்துத்தான்.

என்ன கணினி?

ரைசன் 5 5600 புரொசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, 1080பி திரை. எனக்குத்தான் புதுசு. கார்ட் 2021இலும் புரொசசர் 2022இலும் சந்தைக்கு வந்தவை. இந்தக் கார்டை எடுத்ததற்கு முக்கிய காரணம் அது தின்கிற கரண்ட்: 132 வாட். எங்கள் பக்கத்து மின்சாரத்துக்கும் சின்ன யூபிஎஸ்ஸுக்கும் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பற்றரிப் பெட்டி) அதற்கு மேல் போக எனக்கு விருப்பம் இல்லை. வாங்கப் போகிறவர்கள் கொழும்பு யூனிட்டி பிளாசா, யாழ்ப்பாணம், வவுனியா என்று மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள். டொலர் ஏறி இறங்குகிறபடியால் போன மாத விலையை நம்ப வேண்டாம்.

பொருத்தியவுடன் பார்க்க வேண்டியவை சில உண்டு. இந்தப் புரொசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் திரையின் வயரை மதர்போர்டில் குத்தினால் படம் வராது; கீழே இருக்கிற கார்டில்தான் குத்த வேண்டும். ராம் அதன் முழு வேகத்தில் ஓட பயோஸில் (கணினி தொடங்கும்போது வருகிற அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்பதைப் போட வேண்டும். 144 அல்லது 165 ஹேர்ட்ஸ் திரை வாங்கியிருந்தால் விண்டோஸ் அமைப்பில் போய் அதைத் தெரிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய திரை 60இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் எதைப் போட்டுப் பார்த்தீர்கள்?

த விட்சர் 3. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்டது. 2022 டிசெம்பரில் படத்தை மெருகேற்றி ஓர் இலவசப் புதுப்பிப்பும் கொடுத்தார்கள். தொடங்கும்போது டைரக்ட்எக்ஸ் (விண்டோஸில் விளையாட்டின் படத்தை வரைகிற மென்பொருள்) 11ஆ 12ஆ என்று கேட்கும். இந்தக் கார்டுக்கு 11தான் நல்லது, 60 எஃப்பிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. 12இல் ரே டிரேசிங் என்கிற, ஒளி போகிற வழியைக் கணக்கிட்டு வரைகிற முறையைப் போட்டால் வெளிச்சம் வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் குதிரை தடக்கித் தடக்கி ஓடுகிறது. நிறுத்திவிட்டேன்.

முதல் நாள் சூரியன் மறைகிறதையே பார்த்துக்கொண்டு நின்றேன், உண்மைதான். கொஞ்ச நாளில் கண் அதற்குப் பழகிவிட்டது. பழகாதது வெலன் என்கிற பகுதி. இரண்டு படைகளுக்கு நடுவில் அகப்பட்ட நிலம் அது. எரிந்த வீடுகள், தெருக்கரையில் மூட்டையோடு நிற்கிற சனம், படையை விட்டு ஓடி வந்து கொள்ளையடிக்கிறவர்கள், ஆட்களைத் தூக்கில் போட்ட ஒரு பெரிய மரம். அங்கே கோட்டையைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு தலைவன், காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் தேடித் தரச் சொல்கிறான். நீங்கள் அவனுடைய வீட்டை அறை அறையாகப் பார்க்க வேண்டும். சுவரில் தொங்குகிற ஒரு படத்தின் பின்னால் உடைந்த இடம் தெரிகிறது. நிலத்தில் வைன் சிந்தின அடையாளம். அவன் சொன்ன கதைக்கும் அந்த அறைக்கும் பொருந்தவில்லை. குடித்துவிட்டு அவன் அடித்திருக்கிறான். அவனை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அந்த வீட்டுக்குள் நடந்து திரிந்ததுதான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது, சூரியன் மறைந்தது அல்ல.

அக்கா, ஜிடிஏ ஓடுமா?

ஓடும். ஜிடிஏ 5 இந்தக் கணினிக்கு ஒரு பாரமே இல்லை, கணினிக்கு அது வந்தது 2015இல். ஆனால் அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் என்னுடைய பதில் இல்லை என்பதுதான். அதே நிறுவனத்தின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ம் பெரியவர்களுக்கானதுதான், ஆனால் எனக்கு அதைத்தான் பிடித்தது. குதிரைக்குத் தீன் போட்டு, தேய்த்துக் குளிப்பாட்டி, மெல்ல மெல்லப் போகிற கதை. 150 ஜிபி இடம் கேட்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

போரைப் பார்த்தவர்கள் நாங்கள். போர் விளையாட்டு விளையாட எப்படி மனம் வருகிறது?

இதைக் கேட்டவர் எங்கள் பக்கத்து வளவு அன்ரி. எங்கள் ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சுடுகிற விளையாட்டுகளை நான் விளையாடுவதில்லை. மற்றவர்கள் விளையாடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது. ஹெட்போனில் ஷெல் விழுகிற சத்தம் வந்தால் உடம்பு முதலில் கேட்டுவிடுகிறது, மூளை பிறகுதான் வருகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சி எதுவும் இல்லை.

ஆனால் திஸ் வோர் ஒவ் மைன் என்ற ஒன்று இருக்கிறது. வோர்சோவில் உள்ள 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் செய்தது. 1992இல் இருந்து 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை வைத்து எழுதப்பட்டது. இதில் நீங்கள் படைவீரர் இல்லை. உடைந்த வீடொன்றில் அகப்பட்டுக்கொண்ட சாதாரண சனம். ஒருவர் சமையல்காரர், ஒருவர் உதைபந்தாட்டக்காரர், ஒருவர் செய்தியாளர். பகலில் சினைப்பருக்குப் பயந்து வெளியே போக முடியாது. வீட்டுக்குள் அடுப்புக் கட்டுவது, மழைத் தண்ணீர் பிடிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது. இரவில் ஒருவர் சாமான் தேடிப் போக வேண்டும், மற்றவர்கள் காவல் இருக்க வேண்டும் அல்லது நித்திரை கொள்ள வேண்டும். குளிர் வந்தால் கதிரையையும் புத்தகத்தையும் எரிக்க வேண்டி வரும்.

பையில் இடம் குறைவு. கண்ணுக்கு முன்னால் மருந்து இருக்கிறது, பலகை இருக்கிறது, டின் சாப்பாடு இருக்கிறது. எதை எடுப்பது, எதை விட்டுவிட்டுப் போவது? தறப்பாளை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்த எவருக்கும் அந்தக் கணக்கு விளங்கும். இன்னொரு வீட்டில் வயதான புருசனும் மனைவியும் தனியாக இருக்கிறார்கள். அவர்களிடம் சாப்பாடும் மருந்தும் உண்டு. எடுக்க வேண்டாம் என்று கிழவர் பின்னால் வந்து கெஞ்சுவார், உங்களைத் தடுக்க அவரால் முடியாது. எடுத்துக்கொண்டு வந்தால் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடுவார்கள். ஆனால் மனம் உடைந்துவிடும், சிலர் எழும்பவே மாட்டார்கள். வேறொரு நாள் கதவைத் தட்டி, தாய்க்கு மருந்து கேட்டு இரண்டு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். என்ன செய்வது என்று விளையாட்டு சொல்லாது.

2009இல் முள்ளிவாய்க்கால் வரை போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அதை வைத்து ஒரு குறையும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் வீடு ஒரே இடத்தில் நிற்கிறது. எங்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. பங்கர் வெட்டி முடிக்க முதல் அடுத்த ஊருக்கு எழும்ப வேண்டியிருந்தது. கட்டின அடுப்பு அடுத்த நாளும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை இந்த விளையாட்டில் இருக்கிறது. அவர்கள் எழுதியது ஒரு நகரத்தின் கதை என்பதால் அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடம்பெயர்வை இந்த அளவு கவனத்தோடு ஒருவர் விளையாட்டாகச் செய்ய வேண்டும், அதை எங்களுடைய பிள்ளைகளில் ஒருவர் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2020இல் போலந்து அரசு இதைப் பாடசாலைகளில் 18 வயதுப் பிள்ளைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. நல்ல முடிவு. ஆனால் அன்ரி, உங்களுக்கும் அம்மாவுக்கும் நான் இதைக் காட்ட மாட்டேன். காயம் ஆறாதவர்கள் இதைத் தொட வேண்டிய தேவை இல்லை.

விவசாய விளையாட்டு என்கிறார்களே, அது எங்கள் ஆட்களுக்குச் சரிவருமா?

ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒருவரே படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் நாலரை வருடமளவில் செய்து 2016இல் வெளியிட்டார். இப்படியொரு வேலையை ஒரு மனிதர் தனியாக முடித்திருக்கிறார் என்பதை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்கிறேன்.

தாத்தா விட்டுப்போன காணி பற்றையாகக் கிடக்கிறது. வெட்டித் துப்புரவாக்கி, கொத்தி, விதைக்க வேண்டும். மீளக் குடியேறின காலத்தில் காணி துப்புரவாக்கினவர்களுக்கு முதல் பத்து நிமிடம் அப்படியே மனதில் பிடிக்கும். வருடத்துக்கு நாலு பருவம், ஒவ்வொன்றும் 28 நாள். பருவம் மாறினால் அந்தப் பருவத்துப் பயிர் பட்டுப்போகும். காகம் தின்னும், வெருளி நட்டால் சுற்றி எட்டுக் கட்டத்துக்கு வராது. பன்றியும் யானையும் இல்லை, ஒட்டுசுட்டான் பக்கத்து ஆட்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். நெல்லும் உண்டு. குளக்கரையில் மூன்று கட்டத்துக்குள் நட்டால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, கெதியாகவும் விளையும். அதைச் செய்தவருக்கு நெல்லின் குணம் தெரிந்திருக்கிறது.

மாமாவுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயல். பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பிள்ளை, இதில தண்ணிக் கூட்டம் இல்லையோ?" பெரும்போகத்துக்கு மழை இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் வைத்து, ஆளுக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். விளையாட்டில் தண்ணீர் முடிவதே இல்லை, அயல் காணிக்காரரும் இல்லை. மாமா சொன்னது சரி. வயல் வேலையில் பாதி மற்றவர்களோடு கதைத்து ஒத்துப்போகிறதுதான், அந்தப் பாதி இங்கே விடுபட்டிருக்கிறது. மற்றப் பாதியை, காலையில் எழும்பி நேற்றையதை விட ஓர் இலை கூடியிருக்கிறதா என்று பார்க்கிற அந்தப் பாதியை, இவ்வளவு நன்றாக வேறு எதிலும் நான் பார்க்கவில்லை.

விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

விளையாட்டு வாங்க முதல் இதைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் எந்த விமர்சனத்திலும் இதை எழுதுவதில்லை. எல்லா விளையாட்டும் ஒரே மாதிரிச் சேமிப்பதில்லை.

ஸ்டார்டியூ வேலி, நீங்கள் படுக்கைக்குப் போகும்போதுதான் சேமிக்கும். பின்னேரம் கரண்ட் போனால் அந்த நாள் முழுவதும் போய்விடும். திஸ் வோர் ஒவ் மைன் ஒவ்வொரு நாளும் விடியும்போது சேமிக்கும். ஹொலோ நைட் என்ற விளையாட்டில் வாங்கில் (பெஞ்சில்) போய் இருந்தால்தான் சேமிக்கும், அடுத்த வாங்கு வரும் வரை நெஞ்சு பதைக்கும். விட்சர் 3இல் எஃப்5ஐத் தட்டினால் அந்த இடத்திலேயே சேமித்துவிடும், சண்டை நடக்கும்போது மட்டும் முடியாது. ஹேடிஸ் என்ற 2020ஆம் ஆண்டு விளையாட்டு எங்களுக்கென்றே செய்த மாதிரி: ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழையும்போது தானாகச் சேமிக்கிறது, ஓர் அறை ஒருசில நிமிடந்தான். மழைக்காலத்தில் நான் அதைத்தான் விளையாடுகிறேன்.

சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். அது விளையாடிக்கொண்டே இருக்க அல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்துவதற்கு. ரவுட்டரையும் அதிலேயே குத்துங்கள். இடி மின்னல் என்றால் யூபிஎஸ் காப்பாற்றும் என்று இருக்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கையே கழற்றிவிடுங்கள், ரவுட்டருக்கு வருகிற வயரையும் சேர்த்து. சேர்ஜ் புரொடெக்டர் வேலை செய்ய வீட்டு எர்த் சரியாக இருக்க வேண்டும். கோடையில் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது எர்த் கம்பி மண்ணோடு நன்றாகத் தொடுக்காது. வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அளந்து பாருங்கள், கம்பிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

தொண்ணூறுகளில் இங்கே கரண்டே இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அதைச் செய்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்கிறார்கள், பிறகு யூபிஎஸ் பற்றரியைப் பற்றி என்னை விட நுணுக்கமாகக் கேள்வி கேட்கிறார்கள்.

100 ஜிபி விளையாட்டை எப்படி இறக்குகிறீர்கள்?

பொறுமையாக. ஸ்டீம் என்கிற இணைய விளையாட்டுக் கடையில் பதிவிறக்க வேகத்துக்கு எல்லை வைக்கலாம், புதுப்பிப்புகளை இன்ன நேரத்துக்குள் மட்டும் இறக்கு என்றும் சொல்லலாம். இரவுக்குத் தனி டேட்டா தருகிற பொதி வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தைப் போட்டுவிட்டுப் படுங்கள். இடையில் அறுந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். கிளிநொச்சி, வவுனியா நகரங்களுக்குள் பைபர் இருக்கிற இடத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. உள்ளே போகப் போக 4ஜிதான்.

நல்ல வழி ஒன்று உண்டு. ஒருவர் இறக்கிய விளையாட்டை ஒரே வைஃபையில் இருக்கிற இன்னொருவருக்கு ஸ்டீமே நேராக அனுப்பும், 2023இல் இருந்து. இருவரிடமும் அந்த விளையாட்டு வாங்கப்பட்டிருந்தால் போதும், டேட்டா செலவே இல்லை. அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளைகள் விடுதியில் இதைச் செய்து பாருங்கள்.

லொறி ஓட்டுகிற விளையாட்டு எப்படி?

யூரோ டிரக் சிமுலேட்டர் 2, 2012இல் செக் நாட்டின் எஸ்சிஎஸ் சொப்ட்வெயர் செய்தது. இவ்வளவு வருடமாகியும் இதைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தொடங்கும்போது பிரித்தானிய நகரம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், அங்கே எங்களைப் போல இடப்பக்கம் ஓட்டலாம். டோவரில் கப்பல் ஏறிக் கலே போய் இறங்கியதும் எல்லாம் மறுபக்கம், முதல் சுற்றுவட்டத்தில் கவனம்.

லண்டன், சூரிச், பேர்ண் எல்லாம் அடிப்படை விளையாட்டிலேயே வருகின்றன. அதனால்தான் எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்கிறது, அண்ணன் இருக்கிற ஊர் எது என்று தேடுகிறார்கள். வரைபடம் 19க்கு ஒன்று என்று சுருக்கியது, நகரம் என்றால் நாலைந்து தெருதான். அண்ணனுடைய வீட்டைத் தேடாதீர்கள். ஆனால் இரவில் மழை பெய்ய, வைப்பரைப் போட்டுவிட்டு, ஏற்றின சாமானைச் சேதமில்லாமல் கொண்டுபோய் இறக்குகிறதில் ஒரு நிறைவு இருக்கிறது. கூலிக்கு லொறி ஓட்டுகிற உறவுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வேறு எதையும் கேட்க மாட்டார், இதைத்தான் போடச் சொல்வார்.

தமிழில் ஏதாவது இருக்கிறதா?

மெனுவும் எழுத்தும் தமிழில் உள்ள பெரிய விளையாட்டு இன்னும் என் கையில் அகப்படவில்லை. ஸ்டீமுக்கே தமிழ் இடைமுகம் இல்லை. ஆனால் தமிழை நெஞ்சில் வைத்துச் செய்தவை உண்டு.

வெண்பா, 2023இல் கனடாவின் விசை கேம்ஸ் செய்தது. 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அங்கே தமிழை விட்டு விலகிப்போகிற மகன், சமைத்துச் சமைத்துப் பேசுகிற அம்மா. அந்த அம்மாவுக்கு அவருடைய தாயிடம் இருந்து வந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது, விடுபட்டதை நீங்கள் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று யோசிக்க வைத்து, ஒரு விளையாட்டைத் தொடங்கியிருக்கிறார்கள்! புட்டும் வருகிறது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தெரிவானது. இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், அதனால் தள்ளுபடியில் வாங்குங்கள். மகன் போனை எடுக்காத இடத்தில் நான் விளையாடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். வன்னியில் எத்தனை அம்மாமார் வட்ஸ்அப்பில் அந்த இரண்டு டிக்கும் நீலமாகும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2இன் புதிய பதிப்பில் 2022இல் திராவிடர் என்ற நாகரிகத்தைச் சேர்த்தார்கள், இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் உண்டு. உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றுகிற வீரர்கள், திரிசடை என்ற கப்பல். ஆட்களைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். விறகு வெட்ட அனுப்பின ஆள் தமிழில் கதைத்ததைக் கேட்டு, படிக்க வந்த பிள்ளைகள் எல்லாரும் கதிரையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

வன்னி எந்த விளையாட்டிலாவது வருகிறதா?

மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டரில் வருகிறது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு செயற்கைக்கோள் படத்தை இணையத்தில் இருந்து எடுத்து உலகம் முழுவதையும் விரிக்கிறது. பலாலியில் செஸ்னா 152 என்ற சின்ன விமானத்தில் ஏறித் தென்கிழக்கே திரும்பினால் ஆனையிறவுக் களப்பு, பரந்தன், பிறகு இரணைமடு. குளத்தின் உருவம் அப்படியே தெரிந்தது. வீடுகளைக் கணினி படத்தைப் பார்த்து ஊகித்துக் கட்டுகிறது, அதனால் எங்கள் வீட்டு இடத்தில் யாருடையதோ வீடு. பனைகளைப் பனை என்று அடையாளம் காண முடியவில்லை. டேட்டாவை உறிஞ்சும், பைபர் இல்லாதவர்கள் தொட வேண்டாம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் கிழக்கால போ, புதுக்குடியிருப்புப் பக்கம்" என்றார். போனோம், நந்திக்கடல் தெரிந்தது. சுற்றிவிட்டுத் திரும்பினோம்.

ஒன்லைனில் விளையாட முடியுமா?

முடியும், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். குழுவாகச் சுடுகிற விளையாட்டான வலொரண்டுக்கு எங்களுக்குக் கிட்டின சேர்வர் மும்பை, இல்லாவிட்டால் சிங்கப்பூர். பைபரில் விளையாடலாம், 4ஜியில் பின்னேரம் ஊரே போனில் இருக்கிற நேரம் பிங் (சேர்வர் பதில் தர எடுக்கிற நேரம்) ஏறி இறங்கும். அதை விடப் பெரிய பிரச்சினை, இடையில் கரண்ட் போனால் நீங்கள் விட்டுவிட்டு ஓடியதாகவே கணக்கு. கொஞ்ச நேரத்துக்கு விளையாட விடாமல் தண்டனையும் தரும். கூட விளையாடுகிற நாலு பேரின் ஏச்சு வேறு.

வெக்கைக்குக் கணினி தாங்குமா?

தாங்கும், எஃப்பிஎஸ்ஸை 60இல் நிறுத்தி வையுங்கள். சும்மா மெனுவில் நிற்கும்போது கூட சில விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் ஓட்டிக் கார்டைச் சூடாக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், செம்மண் தூசியைத் தூரிகையால் தட்டுங்கள், பின்பக்கத்து ஓட்டைகளுக்கு வலை அடியுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போனால் பவர் சப்ளை போய்விடும்.

பென்டிரைவில் சும்மா போட்டுத் தருகிறார்கள், ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அந்தப் பென்டிரைவோடு என்ன சேர்ந்து வருகிறது என்று தருகிறவருக்கே தெரியாது. வங்கிக் கணக்கும் போட்டோக்களும் அதே கணினியில்தானே இருக்கின்றன. அதை விட, ஸ்டார்டியூ வேலி மாதிரி ஒன்றைத் தனி மனிதர் வருடக்கணக்கில் இருந்து செய்திருக்கிறார், அதற்குரிய காசு அவருக்குப் போக வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஸ்டீமில் எங்களுக்கு விலை டொலரில்தான், ஆனால் தெற்காசியாவுக்கென்று குறைத்த விலை போடுகிற நிறுவனங்கள் பல. கோடையிலும் வருடக் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். எபிக் என்ற இன்னோர் இணையக் கடையில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஏதாவது ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறார்கள். வங்கியில் சொல்லி டெபிட் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடுங்கள், வேலை முடிந்ததும் பூட்டச் சொல்லலாம்.

டீச்சர், மகன் ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறான், கணினி வாங்கிக் கொடுக்கலாமா?

வாங்கிக் கொடுங்கள், விறாந்தையில் வையுங்கள், அறைக்குள் வேண்டாம். முடிவு இருக்கிற விளையாட்டாகத் தெரிவு செய்யுங்கள். போனில் ஒன்று முடிய அடுத்தது என்று சுற்றிக்கொண்டே இருக்கிற சண்டை விளையாட்டுகள்தான் பிள்ளைகளின் நேரத்தை உண்மையில் தின்கின்றன, கதை உள்ளவை அல்ல. "இப்பவே நிப்பாட்டு" என்று சொல்லாமல் "சேமிச்சிட்டு எழும்பு" என்று சொல்லிப் பாருங்கள். மேலே சொன்னபடி சேமிக்க முடியாத இடத்தில் நின்றால் இரண்டு மணித்தியால வேலை போய்விடும், அவனுடைய கோபத்தில் அந்த அளவு நியாயம் இருக்கிறது. அவன் என்ன விளையாடுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

கைக்குக் கன்ட்ரோலர் வேண்டுமா?

ஹொலோ நைட்டுக்கு வேண்டும், மற்றவைக்குக் கீபோர்ட் காணும். 2017இல் அவுஸ்திரேலியாவின் டீம் செரி என்ற சின்னக் குழு கையால் வரைந்து செய்தது ஹொலோ நைட். நிலத்துக்குக் கீழே பாழடைந்த பூச்சிகளின் நாடு. புது இடத்துக்குப் போனால் வரைபடம் இருக்காது. எங்கோ ஒருவர் வாய்க்குள் பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்கும், நிலத்தில் அவர் சிந்திவிட்டுப் போன காகிதங்கள் கிடக்கும். சத்தத்தைப் பின்தொடர்ந்து போனால் வரைபடம் விற்கிறவர் இருப்பார். வழி தெரியாமல் இருட்டில் நிற்கிறபோது அந்த முணுமுணுப்புக் கேட்டால் வருகிற ஆறுதல், இவ்வளவு பெரிய கார்டு வாங்கியும் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. சரியான கஷ்டமான விளையாட்டு, விழுந்து விழுந்துதான் போக வேண்டும். 2025 செப்டெம்பரில் வந்த அடுத்த பாகம் சில்க்சோங் இதை விடவும் கஷ்டம். இதை முடிக்காமல் அதைத் தொட வேண்டாம்.

என்னிடம் பழைய லப்டொப்தான் இருக்கிறது, எனக்கு என்ன வழி?

மேலே நான் அதிகம் எழுதியவற்றை எண்ணிப் பாருங்கள். ஸ்டார்டியூ வேலி, திஸ் வோர் ஒவ் மைன், ஹொலோ நைட், வெண்பா. நான்கும் பெரிய கார்டு கேட்காதவை. 8 ஜிபி ராம் இருந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஓர் எஸ்எஸ்டி போட்டால் பெரும்பாலான லப்டொப்பில் ஓடும். ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2ம் படத் தரத்தைக் குறைத்தால் ஓடக்கூடும், வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிவெடுங்கள். முதலில் ஸ்டார்டியூ வேலியை எடுங்கள். அரை ஜிபி அளவுதான், போன் ஹொட்ஸ்பொட்டிலேயே இறக்கிவிடலாம்.